சிவப்புக் கட்டங்கள்

ஜியா சராயில் குமுத் பையா என்கிற குமுத் அண்ணனைத் தெரியாதவர்கள் கிடையாது, பார்த்தவர்கள்தான் கிடையாது. எம்.எஸ்ஸி. கணித நுழைவுத் தேர்வுக்குப் படிக்கவென்று பாட்னாவிலும் கோரக்பூரிலும் ரயிலேறி டில்லியின் அந்தச் சந்துக்குள் பெட்டியோடு நுழைகிறவன் முதலில் ஒரு அறை பிடிப்பான். அடுத்து சாப்பாட்டுக்கு ஒரு டிபன்காரரைப் பிடிப்பான். மூன்றாவதாக சத்பீரின் ஜெராக்ஸ் கடைக்குப் போய் ‘குமுத் நோட்ஸ்’ வாங்குவான். கையால் எழுதிய இருநூற்றுப் பதினாறு பக்கம், ஸ்பைரல் பைண்டிங். பயிற்சி வகுப்புகள் அச்சடித்துத் தரும் தடித்தடியான புத்தகங்கள் அலமாரிக்குப் போகும். படிப்பதென்னவோ குமுத் நோட்ஸைத்தான்.

சத்பீர் ஹரியானாக்காரர், ஐம்பது வயது. கணிதத்தில் ஒரு வரி தெரியாது. ஆனால் கணிதம் படிக்கிறவர்களை அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். நோட்ஸை நீட்டும்போதே, குமுத் பையா அகில இந்திய அளவில் நான்காவது இடம் பிடித்தவர் என்று ஒரு வார்த்தை போட்டுவைப்பார். கடையில் கூட்டம் அதிகமென்றால் அது இரண்டாவது இடமாகிவிடும். மீதியை வாங்கிப் போனவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். குமுத் பையா நாளுக்கு நாலு மணி நேரம்தான் தூங்குவார், சத்துமாவு தவிர எதையும் தொடமாட்டார், இப்போது ஜெர்மனியில் இருக்கிறார். மெட்ரோவில் பார்த்தேன் என்று சத்தியம் பண்ணினவனும் ஒருவன் உண்டு.

அந்தக் குமுத் பையா தினமும் காலையில் அதே கடை வாசல் வழியாகத்தான் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தாள்.

சான்றிதழில் அவள் பெயர் ரஞ்சனா. சந்தில் எல்லாருக்கும் ரஞ்சனாதான். குமுத் என்பது சொந்த ஊரான ஜஞ்ஜார்பூரில் அவள் அம்மா மட்டும் கூப்பிடுகிற பெயர். ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். ஊரை விட்டு வந்த புதிதில் அந்தப் பெயரைக் கூப்பிட ஆளில்லாமல் போனதில், நோட்டின் ஒவ்வொரு பக்க மூலையிலும் தானே அதை எழுதி வைத்துக்கொண்டாள். நோட்டு பிய்ந்துபோனபோது பைண்டிங் போட சத்பீரிடம் கொடுத்தாள். அவர் வழக்கப்படி கடைக்கென்று ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார். நல்ல கையெழுத்துள்ள நோட்டு எது கிடைத்தாலும் அந்தச் சந்தில் அப்படித்தான் செய்வார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். மூன்று மாதம் கழித்துத் தன் கையெழுத்து கடையில் தொங்குவதைப் பார்த்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் குமுத் பையாவுக்கு நான்காவது இடம் கிடைத்துவிட்டது, அவளுக்கோ அந்த வருடம் எந்த இடமும் கிடைக்கவில்லை. தனக்குக் கிடைக்காதது தன் பெயருக்காவது கிடைத்ததே என்று அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அடுத்த வருடமும் எழுதினாள். அதுவும் போயிற்று, கொஞ்சத்தில் போயிற்று.

இது மூன்றாவது முறை. அதோடு கடைசி. வட்டார அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் அவள் அப்பா கோபக்காரர் இல்லை. இந்தப் பிப்ரவரி மட்டும் பார், இல்லையென்றால் பி.எட். சேர்ந்துவிடு என்று தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னதைத்தான் மீறவும் முடியவில்லை.

ஜனவரியில் சந்துக்குள் வெயில் இறங்காது. வீடுகள் அவ்வளவு நெருக்கம். மதியம் இரண்டு மணி நேரம் மொட்டை மாடியில் மட்டும் வெயில் அடிக்கும். எல்லா மாடியிலும் பாயை விரித்துக்கொண்டு பிள்ளைகள் படிப்பார்கள். ரஞ்சனாவின் அறைத் தோழிக்குத் தரன்னும் என்று பெயர். பாகல்பூர்க்காரி, இருபத்தொரு வயது, முதல் தடவை எழுதப்போகிறவள். வாய் மட்டும் பத்துத் தடவை எழுதினவளுடையது. ரஞ்சனாவை ‘தீதி’, அதாவது அக்கா, என்று கூப்பிடுவாள். இருவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. ஒருத்தி ஒரு கூற்றைச் சொல்வாள்; மற்றவள் அதை நிரூபிக்க வேண்டும், அல்லது பொய்யாகிற ஓர் உதாரணம் சொல்லி உடைக்க வேண்டும். தோற்றவள் டீ போட வேண்டும். சங்கராந்தி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஊரிலிருந்து வந்த அவலும் வெல்லமும் இன்னும் மிச்சமிருந்தது. தரன்னும் அவலை மென்றுகொண்டே ஒரு கூற்றை நிரூபித்தாள். நாலாவது வரியில் ரஞ்சனா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இந்த வரி எப்படி வந்துச்சு?”

“எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவுல இடைவெளி குறைஞ்சுகிட்டே போயி பூஜ்ஜியத்துக்கு வருதில்ல? அப்போ வரிசை எங்கயோ போயி நின்னுரும். தேற்றம்.”

“யாரோட தேற்றம்?”

“குமுத் பையாவோட தேற்றம். கட்டம் போட்டு இருக்கு தீதி, வேணும்னா பாருங்க.”

விஷயம் இதுதான். ஒருவன் முதலில் ஓர் அடி நடக்கிறான், அடுத்து அரை அடி, அடுத்து கால் அடி, இப்படிப் பாதிபாதியாகக் குறைத்துக்கொண்டே போகிறான். அவன் இரண்டடியைத் தாண்டவேமாட்டான். ஆனால் ஓர் அடி, பிறகு அரை, பிறகு மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று நடந்தால்? அதிலும் அடி குறுகிக்கொண்டேதான் வருகிறது. கடைசியில் கால் நகர்வதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அவன் நிற்கமாட்டான். ஆக்ராவைத் தாண்டுவான், கயாவைத் தாண்டுவான். ஆயுசு போதாதே தவிர, தூரம் அவனைத் தடுக்காது. அடி சின்னதாகிறது என்பதால் மட்டும் ஆள் நின்றுவிடுவான் என்று நினைப்பது, கணிதம் படிக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை விழுகிற குழி.

ரஞ்சனாவும் விழுந்திருக்கிறாள். விழுந்து எழுந்ததால்தான் அதை நோட்டில் எழுதினாள். மனசு நம்ப ஆசைப்படுகிற பொய்களை எல்லாம் அவள் சிவப்பு மையில் எழுதி, சுற்றிலும் சிவப்பில் கட்டம் போட்டு வைப்பாள். மெய் கறுப்பு, பொய் சிவப்பு. பக்கத்தில் ‘தவறு’ என்று எழுதவில்லை. நிறமே சொல்லும்போது எதற்கு எழுத வேண்டும்?

ஜெராக்ஸ் மிஷினுக்குச் சிவப்பு தெரியாது.

தரன்னும் நீட்டிய பிரதியை ரஞ்சனா முதல் முறையாகக் கையில் வாங்கினாள். சொந்த நோட்டு அறையில் இருக்கும்போது நகலைப் பிரித்துப் பார்க்க அவளுக்கு இதுவரை வேலை வந்ததில்லை. கன்னங்கரேலென்று கட்டம், அதற்குள் பொய், அதன் மேல் தரன்னும் பூசிய மஞ்சள் மை, ஓரத்தில் ஒரு நட்சத்திரம். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பதினான்கு கட்டம், பதினான்கு நட்சத்திரம். கட்டம் போட்டிருந்தால் முக்கியம் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். இரண்டு வருடமாகச் சந்து முழுக்க மற்றதையெல்லாம் புரிந்து படித்துவிட்டு, இந்தப் பதினான்கை மட்டும் மனப்பாடம் பண்ணியிருக்கிறது.

அன்று டீயை ரஞ்சனாதான் போட்டாள். போட்டுக்கொண்டே, குமுத் யார் என்பதை அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். தரன்னும் முதலில் சிரித்தாள், பிறகு ஜெர்மனியில் எப்படிக் குளிர் என்று கேட்டாள். நோட்டைக் கொண்டுவந்து சிவப்புக் கட்டங்களைக் காட்டியதும்தான் சிரிப்பு நின்றது. ரஞ்சனாவுக்கு அதற்குள் வேறு ஒரு முகம் ஞாபகம் வந்துவிட்டது.

அது ராமாசிஷ். கயாக்காரன். போன வருடம் அவளோடு எழுதினவன். தேர்வு முடிந்த மாலை, சந்து முனை டீக்கடையில் பத்துப் பேர் நின்று விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இடைவெளி பூஜ்ஜியமானால் வரிசை நின்றுவிடும் என்ற கூற்றைச் சரியென்று குறித்ததாக ராமாசிஷ் சொன்னான். ரஞ்சனா வாய்விட்டுச் சிரித்தாள். காலேஜ் முதல் வருஷப் பையன்கூட இதில் மாட்டமாட்டானே என்றாள். “இல்ல, கட்டம் போட்டு…” என்று அவன் ஆரம்பித்தது சிரிப்பில் அமுங்கிப்போயிற்று. எல்லாரும் சிரித்தார்கள், அவள் தொடங்கி வைத்ததால். மார்ச்சில் இரண்டு மதிப்பெண்ணில் அவனுக்கு இடம் போனது. அவளுக்கும்தான் போனது, ஆனால் அவள் தங்கிவிட்டாள், அவன் பெட்டியைக் கட்டினான். என் மண்டையில் களிமண், இது எனக்கான இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. இப்போது பெரியப்பாவின் தில்குட் என்கிற எள் மிட்டாய்க் கடையில் எள்ளும் சர்க்கரையும் இடித்துக்கொண்டிருக்கிறான் என்று கேள்வி.

அவனுக்குச் சொல்ல வேண்டும். அது ரஞ்சனாவுக்கு அன்றே தெரிந்துவிட்டது. அன்றே செய்யவில்லை. தேர்வுக்கு இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கிறது, அவன் நாலு வார்த்தை திட்டினால் அப்புறம் தன்னால் உட்கார்ந்து படிக்க முடியாது, தேர்வு முடியட்டும், முதலில் கையில் நோட்டு வைத்திருக்கிறவர்களைக் கவனிப்போம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பயந்தவர்களுக்கு நியாயங்கள் வரிசையில் வந்து நிற்கும்.

மறுநாள் சத்பீரிடம் போய், அந்த நோட்ஸில் பதினான்கு இடம் தப்பு, விற்பதை நிறுத்துங்கள் என்றாள். சத்பீர் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“குமுத் பையா நோட்ஸுல தப்பு கண்டுபிடிக்க நீ யாரு பேட்டா? அவனே வந்து சொல்லட்டும், நிறுத்துறேன்.”

“வந்துதான் சொல்றேன்.”

சத்பீர் நிமிர்ந்தார். ஒரு தாளையும் பேனாவையும் தள்ளினார். அவள் ஒரு வரி எழுதினாள். இரண்டு வருடமாக அந்தக் கையெழுத்தை நகலெடுத்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு அரை வரியே போதுமாயிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அப்போ அந்த நாலாவது இடம்?”

“அது நீங்க குடுத்தது.”

அவர் அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து கடை வாசலில், குளிர்காற்று படாத ஓரத்தில் போட்டார். இது உன் இடம், வர்றவன் நோட்டையெல்லாம் நீயே திருத்து, வெளியே போனதை என்னால் திரும்ப வாங்க முடியாது என்றார். அன்று சாயங்காலமே ஓர் அட்டை தொங்கியது: ‘குமுத் நோட்ஸ் திருத்தித் தரப்படும். மதியம் 2 முதல் 4 வரை. திருத்துபவர்: குமுத்.’

படிக்கிற நேரத்தில் நல்ல நேரம் அந்த இரண்டு மணி நேரம்தான். தரன்னும் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் தினமும் ஒரு டம்ளர் டீயைக் கீழே கொண்டுவந்து கொடுத்துவிட்டும் போனாள்.

முதல் நாள் நாலு பேர் வந்தார்கள், மூன்றாம் நாள் வரிசை நின்றது. குமுத் பையா தீதியாகிவிட்ட செய்தி சந்து முழுக்கப் பரவி, வேடிக்கை பார்க்க வந்தவர்களே பாதி. ரெண்டு தடவை கோட்டை விட்டவங்க நோட்ஸையா இத்தனை நாள் படிச்சோம் என்று அவள் காதுபடவே ஒருவன் சொன்னான். ஆமாம், இந்தாங்க சிவப்புப் பேனா என்று நீட்டினாள். இன்னொருவன் சண்டைக்கு வந்தவன், ஒன்பதாவது கட்டம் மெய்தான் என்று அரை மணி நேரம் வாதாடிவிட்டு, தானே அதை உடைத்துக்கொண்டு போனான். ஒரு பெண் தன் நோட்டு அட்டையில் கையெழுத்துக் கேட்டாள். ரஞ்சனா வெறும் குறுக்குக்கோடு போட்டுவிட்டுத் தள்ளிவிடவில்லை. ஒவ்வொரு கட்டமும் ஏன் பொய் என்று ஓர் உதாரணத்தோடு சொல்லித்தான் அனுப்பினாள். சொல்லச் சொல்ல வாய் பழகி, கூச்சம் போய், இரண்டு தடவை தோற்றதை ஊர் பெயர் சொல்வதுபோலச் சொல்ல வந்துவிட்டது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நாட்களில் அவள் சந்தோஷமாகவே இருந்தாள். ஜெர்மனியில் இருந்த குமுத்தைவிட இந்தக் குமுத்தை அவளுக்குப் பிடித்திருந்தது.

தேர்வு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தேறினாள். நான்காவது இடமில்லை, நூற்றுத் தொண்ணூற்று மூன்றாவது இடம். தரன்னும் அவளுக்கு நாற்பது இடம் முன்னால் வந்து, அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுகிற உரிமையைப் பெற்றாள். மதியங்களை விட்டுக்கொடுத்ததால் தேறினாளா, விட்டுக்கொடுத்தும் தேறினாளா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அதெல்லாம் மார்ச் மாதத்துச் சமாச்சாரம். இது பிப்ரவரி முதல் வாரம், ராமாசிஷ்ஷிடம் அவள் இன்னும் பேசவில்லை.

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது தரன்னும் கேட்டுவிட்டாள். “சந்துல எல்லாருக்கும் சொல்லியாச்சு. கயாவுக்கு எப்போ தீதி?”

தேர்வு முடியட்டும் என்றாள் ரஞ்சனா.

“முடிஞ்சு நீங்க தேறிட்டா? தேறினவங்க போன் பண்ணி மன்னிப்புக் கேட்டா அது எப்படி இருக்கும்? மேல நின்னுகிட்டு கைய நீட்டுற மாதிரி இருக்காதா? தேறலைன்னா, உங்களுக்குப் பேசவே மனசு வராது.”

இருபத்தொரு வயதில் இவளுக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரிகிறது என்று ரஞ்சனாவுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலிலேயே போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

நாலாவது மணியில் எடுத்தான். பின்னால் மரச் சுத்தி தொம் தொம் என்று விழுந்துகொண்டிருந்தது. ரஞ்சனா என்றதும் மரியாதையாக நலம் விசாரித்தான். ஞாயிற்றுக்கிழமை தேர்வுதானே, எல்லாம் முடிச்சிட்டீங்களா என்றான். அவள் எங்கும் நிற்காமல், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். குமுத் யார், சிவப்பு மை, மிஷின், கட்டம், டீக்கடை. சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் சுத்திச் சத்தம் குறைந்திருந்தது. கடையை விட்டு வெளியே வந்திருப்பான்.

“அப்போ இடைவெளி பத்தின அந்த ஏழாவது கட்டம் பொய்யா?”

“பொய்தான். பொய்னு தெரிஞ்சுதான் எழுதினேன்.”

“அன்னைக்குச் சிரிச்சீங்க.”

“சிரிச்சேன்.”

“ரெண்டு மார்க்கு போனதுகூட அவ்வளவு வலிக்கல ரஞ்சனாஜி.”

மன்னித்துவிடுங்கள் என்பதை நாலைந்து விதமாக யோசித்து வைத்திருந்தாள். அவன் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தான்.

“அப்போ நான் மண்டு இல்லையா?” என்று கேட்டான்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். ஒரு வருடமாகத் தன்னைப் பற்றி ஒன்றை முடிவு செய்து, அதன்மேல் ஒரு வாழ்க்கையையே கட்ட ஆரம்பித்திருந்தவன் அவன்.

“இல்ல,” என்றாள் ரஞ்சனா. “நான் எழுதினத நம்பினீங்க. அவ்வளவுதான்.”

“நம்பியிருக்கக் கூடாது. ஒரு தடவ சோதிச்சுப் பாத்திருக்கணும். அது என் தப்பு.” பிறகு, “அது எப்படிப் பொய்யாகும்? அடி குறைஞ்சுகிட்டே வந்தா நின்னுதானே ஆகணும்?” என்றான்.

“அதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. முதல்ல ஒண்ணு, அப்புறம்…”

“சொல்லாதீங்க.”

அவள் நிறுத்தினாள்.

“சொல்லாதீங்க. நானே பாக்குறேன்,” என்று போனை வைத்துவிட்டான்.

ரஞ்சனா பாயில் உட்கார்ந்தாள். மூன்று நாளில் தேர்வு, மடியில் நோட்டு. ஒரு வரிகூட ஏறவில்லை. மிச்சமிருந்த வெயிலும் சுவர் ஓரத்துக்குப் போனது. தரன்னும் வந்து எட்டிப் பார்த்து, முகத்தைப் படித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் கழித்துப் போன் அடித்தது.

“வர்க்கமூலம்,” என்றான் எடுத்த எடுப்பில். ஹலோகூடச் சொல்லவில்லை. மூச்சு வாங்கியது. “ஒண்ணோட வர்க்கமூலம், ரெண்டோட வர்க்கமூலம், மூணோட வர்க்கமூலம்னு எழுதிக்கிட்டே போங்க. பக்கத்துப் பக்கத்துல நெருங்கிக்கிட்டே வருது, இடைவெளி பூஜ்ஜியத்துக்குப் போகுது. ஆனா நூறு வேணுமா, பத்தாயிரத்துக்குப் போனா நூறு வந்துரும். ஆயிரம் வேணுமா, பத்து லட்சத்துக்குப் போங்க. எங்கயும் நிக்காது. இதுதானே உங்க உதாரணமும்?”

இது அவளுடைய உதாரணம் இல்லை. அவளுடையதைவிடச் சுருக்கமாக இருந்தது. இரண்டு வருடத்தில் இந்த வழி அவளுக்குத் தோன்றியதே இல்லை. அதை அப்படியே அவனிடம் சொன்னாள்.

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். அவன் சிரித்து அவள் கேட்டதில்லை. யாரோ கடைக்குள்ளிருந்து அவனைப் பெயர் சொல்லி அதட்டினார்கள், எள் தீய்கிறதாம். வர்றேன் பெரியப்பா என்று கத்திவிட்டு, அவசரமாகக் கேட்டான்.

“அடுத்த வருஷத்துக்கு ஃபாரம் எப்போ வரும்?”

“செப்டம்பர்ல வரும்.”

“அந்த நோட்டு இப்போ என்கிட்ட இல்ல. பக்கம் பக்கமா கிழிச்சு தில்குட் மடிச்சுக் குடுத்துட்டோம். மிச்சம் பதிமூணு கட்டத்தையும் அனுப்புங்க. பொய்ய மட்டும் அனுப்புங்க, ரஞ்சனாஜி. உதாரணம் வேண்டாம்.”